காலண்டர் தாளில் வரைந்த பாதங்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் அறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து கேட்டார்கள். கதவில் ‘ரத்தநாள அறுவை சிகிச்சை’ என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் தோலுக்கு அடியில் நீளமாக எது தெரிந்தாலும் அது நரம்புதான். கை நடுங்குகிறது என்று வந்த ஒரு பெரியவர், காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டு, உள்ளே வந்ததும் டாக்டர் தன் காலைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு கோபித்துக்கொண்டார்.

“நடுக்கம் கையில இருக்குங்கேன். இந்தம்மா காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது.”

“காலுக்கு ரத்தம் நல்லா ஓடுது அண்ணாச்சி. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லதுதான? நடுக்கத்துக்கு மாடியில வேற டாக்டர் இருக்காக” என்றார் டாக்டர். பிறகு, அவரை மாடி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்.

நான் டாக்டர் இல்லை. ரத்த ஓட்டத்தைக் கருவியில் கேட்டு எழுதிக் கொடுக்கிற டெக்னீசியன். விருதுநகரில் அந்த மருத்துவமனையில் சேர்ந்து நான்காவது வருடம் நடக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அம்மா விவரம் தெரிந்த நாளிலிருந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறாள். அய்யா, அதாவது என் அப்பா, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சரக்கைக் காய வைக்கிற வேலை பார்த்தவர். திருத்தங்கலில் எங்கள் தெருவில், வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிய முதல் பெண்ணும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. முதல் ஒரு மாதம் அந்தக் கோட்டைப் பையில் வைக்காமல் கையில் தொங்கவிட்டுக்கொண்டுதான் போனேன்.

என் கருவி ஒரு பேனா அளவுதான் இருக்கும். நுனியில் ஜெல் தடவி, பாதத்தின் மேலோ கணுக்காலின் பின்னாலோ சாய்த்து வைத்தால், அதோடு சேர்ந்த சின்னப் பெட்டியிலிருந்து சத்தம் வரும். நல்ல காலில் ரத்தம் விசுக், விசுக் என்று, ஈரத் துணியை உதறுவதுபோலக் கேட்கும். அடைப்பு உள்ள காலில் யாரோ தூரத்தில் பெருமூச்சு விடுவதுபோல இழுக்கும். ஓட்டமே இல்லாத காலில் வெறும் இரைச்சல்தான். கேட்டதை எழுதி டாக்டரிடம் கொடுப்பேன். அவர் நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஒருமுறை தானும் கேட்பார். என்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். இந்த மாவட்டத்துக்காரர்தான். கரிசல் காட்டில் பருத்தியும் மிளகாயும் போடுகிற குடும்பம். அவர் எப்படிப் படித்தார் என்பதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறேன். டாக்டர் படிப்பு ஐந்தரை வருடம். அதன் பிறகு பொது அறுவை சிகிச்சை மூன்று வருடம். அதற்கும் மேல் ரத்தக்குழாய்களுக்கென்று மட்டும் இன்னொரு மூன்று வருடம். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறாம் வகுப்பில் நுழைந்த நாளிலிருந்து பட்டம் வாங்கியது வரை எனக்கு ஆன காலம் அது. நான் ஏழு வகுப்பும் பட்டமும் முடித்த காலத்தில் அவர் ஒரு வேலைக்கு மட்டும் கையைத் தயார் செய்திருக்கிறார்.

அந்தக் கையைத் தயார் செய்த விதத்தை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ரத்தக்குழாயைத் தைக்கிற நூல் தலைமுடியைவிட மெல்லியது. இழுத்தால் அறும், தளர்த்தினால் ரத்தம் கசியும். விடுதி அறையில் பழைய ரப்பர் கையுறையின் விரல்களை வெட்டி, அவற்றைக் குழாய்போல ஒன்றோடொன்று வைத்துத் தைத்துப் பழகுவாராம். உள்ளே தண்ணீர் விட்டு, ஒரு சொட்டுக் கசிந்தாலும் பிரித்து மறுபடி தைப்பாராம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் நூலைக் கோத்து, ஒரு கையாலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவாராம். கம்பி முழுக்க வரிசையாக முடிச்சு. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

“எந்தக் கோயிலுக்கு நேந்துருக்க தாயி? இம்புட்டு முடிச்சு போடுத?”

“பரிச்சைக்கும்மா.”

“பாஸாயிருவ. சாமி எந்திரிச்சு வந்து அவுத்தாலும் அவுக்க முடியாது போலருக்கே.”

மணிக்கணக்கில் நின்று செய்கிற வேலை, பெண்பிள்ளைக்குத் தாங்காது, வேறு எதையாவது எடு என்று பலரும் சொன்னார்களாம். “எங்க காட்டுல மிளகாப் பழம் பொறுக்குறவுக எல்லாம் பொம்பளைகதான். அவுக குனிஞ்சு நிக்கிற நேரத்துல பாதிகூட நான் நிக்கிறதில்ல” என்று சொல்லிவிட்டு மோர்ச்சோற்றில் கையை வைப்பார்.

அவர் நோயாளியைப் பார்க்கிற முறை எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. முதலில் புறங்கையை முழங்காலில் வைத்து மெதுவாகக் கீழே இறக்குவார். சூடு எந்த இடத்தில் குறைகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டுக்கு மேலே எங்கோ அடைப்பு. பிறகு கால் நகத்தை அழுத்திவிட்டு, நிறம் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிவகாசிப் பக்கத்துக் கால்களில் அதுதான் தகராறு. பட்டாசுக் கம்பெனி வேனில் இருந்து இறங்கி நேராக வருகிறவர்களின் நகமெல்லாம் அலுமினியத் தூள் அப்பி வெள்ளியாக மின்னும். அதற்காக மேசையில் எப்போதும் ஒரு தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் பஞ்சும் இருக்கும். டாக்டர் தானே உட்கார்ந்து ஒவ்வொரு நகமாகத் துடைப்பார்.

“பீடி உண்டா அண்ணாச்சி?”

“கம்பெனிக்குள்ள தீப்பெட்டியே கொண்டுபோக விடமாட்டாக டாக்டரம்மா. கேட்டுலயே சோதனை போட்டுருவாக.”

“கேட்டுக்கு வெளிய?”

“அது… வேன் ஏறுறதுக்கு முந்தி ஒண்ணு. எறங்குனா ஒண்ணு.”

“வாயில இப்ப என்ன?”

அந்த மனிதர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்து, ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வந்து, “ஒண்ணுமில்ல” என்றார்.

எவ்வளவு தூரம் நடந்தால் கெண்டைச்சதை வலிக்கிறது என்று கேட்பதும் என் வேலை. மீட்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று லைட்டுக் கம்பம் என்பார்கள். ஆறு கம்பம் நடந்தவர் அடுத்த முறை நான்கு என்று சொன்னால் அடைப்பு கூடியிருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் அதற்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் போட்டு, தலைப்பில் ‘கம்பம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஆராய்ச்சி என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் டாக்டரின் ஆராய்ச்சி தரையில் நடந்தது. காலில் புண்ணோடு வருகிற ஒவ்வொருவரையும் ஒரு பெரிய தாளின் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, புண் எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்புப் பென்சிலால் தீட்டுவார். தாள், அச்சகத்தில் வேலை பார்க்கிற ஒரு நோயாளி கொண்டுவந்து தருகிற கழிவுக் காலண்டர் தாள். ஒரு பக்கம் வண்ணம் தப்பி விழுந்திருக்கும், மறுபக்கம் வெள்ளை. முதல் நாளே சிக்கல் வந்தது. தாளில் ஏற வேண்டிய ஒரு அம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

“அய்யோ, முருகன்! சாமி தலைமேல என்னைய நிக்கச் சொல்றீகளே, நல்லாருப்பீகளா?”

அன்றிலிருந்து தாள்களைப் பிரிப்பதும் என் வேலையாயிற்று. சாமிப் படங்கள் எழுதுவதற்கு. அருவி, ரோஜாப்பூ, குழந்தைகள் எல்லாம் நிற்பதற்கு. குழந்தைப் படத்திலும் சிலர் நிற்க மாட்டார்கள்.

வரைந்த பாதங்களை டாக்டர் சுவரில் ஒட்டி வைப்பார். அவற்றில் சில பாதங்கள் அவரைத் தூங்க விடவில்லை. ரத்த ஓட்டம் குறைந்த கால் எப்போதும் சில்லென்று இருக்கும். சர்க்கரை நோயும் சேர்ந்தால் மரத்தும் போகும். குளிர்கிறதே என்று வெந்நீரிலோ உப்பு ஒத்தடத்திலோ வைத்தால், சுடுவது தெரியாமல் வெந்துபோகும். இது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் பட்டாசு வேலைக்காரர்கள் சிலருக்கு உள்ளங்கால் மட்டும் கொப்பளித்திருந்தது. படிவத்தில் ‘ஒத்தடம் கொடுத்தீர்களா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. நான்தான் கேட்பேன். எல்லோரும் இல்லை என்றார்கள்.

“திட்டுவோம்னு மறைக்கிறாக மேடம்” என்றேன் நான். என் ஆட்களை எனக்குத் தெரியாதா என்கிற நினைப்பு.

டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஒத்தடம்னா மேல, பக்கவாட்டுல எல்லாம் படணும். இதுல முன்பாதமும் குதிகாலும் மட்டும் வெந்துருக்கு. நடுவுல குழிஞ்ச எடம் தப்பிச்சிருக்கு. ஈரக் காலோட நடந்தா தரையில விழுமே ஒரு அச்சு, அது மாதிரி. இவுக பொய் சொல்லலம்மா. நாமதான் ஏதோ தப்பாக் கேக்கோம்.”

எனக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை. அடுத்த ஆளுக்கு ஜெல் தடவப் போய்விட்டேன்.

போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் இருந்தே சத்தம் போட்டாள்.

“ஏத்தா, ஒங்க அய்யா வலது கால்ல செருப்பே மாட்ட மாட்டேங்காக. நொண்டுறாக. என்னன்னு கேட்டா எம்மேல பாயுறாக. நீ கேளு, ஒனக்குத்தான் பதில் வரும்.”

அய்யா கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாளில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்தி என்று அவராகவே சொல்வார், பாதி சரியாக இருக்கும்.

“அய்யா, காலைத் தூக்குங்க.”

“ஏன் தாயி, ஞாயித்துக்கெழமையும் ஒனக்கு காலுதானா?”

“தூக்குங்கன்னா.”

தூக்கினார். முன்பாதம் முழுக்க ஒரே கொப்புளமாக உப்பி, ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் விட்டிருந்தது. குதிகாலும் அப்படியே. நடுவில் குழிந்த இடம் ஒன்றும் ஆகாமல் சுத்தமாக இருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

என் புறங்கையை அவர் முழங்காலில் வைத்துக் கீழே இறக்கினேன். பாதிக் காலுக்குக் கீழே சூடு இல்லை. பேனா இல்லாததால் கோடு போடவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் அய்யா நின்று நின்று போவார். சுவரொட்டியைப் பார்ப்பார், டீக்கடைக்காரரிடம் பேசுவார், கோழிக்கூண்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஊர் வம்பு பேசுகிற ஆள் என்று நானும் அம்மாவும் சிரிப்போம். ஆறு மாதமாகத் தூங்கும்போது ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டிருந்தார். தொங்கவிட்டால் காலுக்குக் கொஞ்சம் ரத்தம் இறங்கும், வலி குறையும். எங்கள் அறைக்கு வருகிறவர்கள் இதைச் சொன்னால் நான் உடனே குறித்துக்கொள்வேன். வீட்டில் பார்த்தபோது, கட்டில் அவருக்கு நீளம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். நாளெல்லாம் ஊரார் காலைப் பிடித்துச் சத்தம் கேட்கிறவள், சொந்த அப்பாவின் காலில் ஒருநாளும் கை வைத்ததில்லை.

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தெருவில் கம்பங்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். இரண்டாவது கம்பத்தில் நின்றார். பார்ப்பதற்கு அங்கே சுவரொட்டிகூட இல்லை.

“வலிக்குதா அய்யா?”

“இல்ல, ஒனக்குத்தான் மூச்சு வாங்குது. செத்த நில்லு.”

மருத்துவமனையில் என் அறையில், நோயாளிகளைப் படுக்க வைக்கிற கட்டிலில், அவரைப் படுக்க வைத்தேன். பாதத்தின் மேல் கருவியை வைத்தபோது இரைச்சல் மட்டும் வந்தது. கணுக்காலின் பின்னால் தூரத்துப் பெருமூச்சு. பெட்டியைப் பார்த்துக்கொண்டே அய்யா, “ரேடியோ ஸ்டேஷன் எடுக்கல போலருக்கு” என்றார். நான் கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். படிவத்தின் மற்ற கேள்விகளையும் வரிசையாகக் கேட்டேன்.

“காலுக்கு ஒத்தடம் குடுத்தீகளா?”

“இல்லையே.”

“பொய் சொல்லாதீக அய்யா. வெந்துபோயிருக்கு. எதுலயோ வச்சிருக்கீக.”

“நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்? வேணும்னா ஒங்க அம்மாகிட்டக் கேளு. நம்ம வீட்டுல ஒத்தடம் குடுக்க ஆருக்கு நேரம் இருக்கு?”

குரல் உயர்ந்ததைக் கேட்டு டாக்டர் உள்ளே வந்தார். நான் எழுதியதைப் படித்தார். ஸ்டூலை இழுத்து அய்யாவின் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, காலைல எந்திரிச்சதுலேருந்து சாயந்தரம் வரைக்கும் இந்தக் கால் எங்கெங்க இருக்குன்னு சொல்லுங்க. காலைப் பத்தி மட்டும்.”

அய்யாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. “காலைல வேன்ல இருக்கும். கம்பெனி வாசல்ல செருப்பைக் கழத்திப்போடணும், உள்ள வெறுங்காலுதான், அது சட்டம். பெறகு சரக்கைத் தூக்கிட்டுப் போயி மேடையில பரப்பணும். சிமிண்டு மேடை, வெயில் நல்லா விழும். காஞ்சதும் எடுத்து ரூமுக்குக் கொண்டுபோயிருவோம். பெறகு சாப்பாடு. சாப்பிட்டுட்டு மேடையில செத்த நிப்பேன்.”

“சரக்குதான் எடுத்தாச்சே, அங்க எதுக்கு நிப்பீக?”

“சும்மாதான கெடக்கு. காலு ஐஸு மாதிரி இருக்குமா, அங்கன போயி நின்னா சொகமா இருக்கும்.”

“எம்புட்டு நேரம்?”

“ஒரு வெத்தல போட்டு முடிக்கிற நேரம்.”

“சுடலையா?”

“சுட்டா நிப்பேனா?”

டாக்டர் தலையைத் திருப்பிச் சுவரில் ஒட்டியிருந்த பாதங்களைப் பார்த்தார். “ஒங்களை மாதிரி வேற ஆரும் அங்க நிப்பாகளா?”

“காலு குளுர்றவுக எல்லாம் அங்கனதான் நிப்பாக. நின்னுக்கிட்டே பேசிக்கிருவோம்.”

ஒத்தடம் என்பது வீட்டில், ஒருவர் படுத்திருக்க இன்னொருவர் துணியில் உப்பைக் கட்டிக் கொடுப்பது. மேடையில் நிற்பது அவர்களுக்கு வைத்தியமே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகான ஓய்வு. இல்லை என்று சொன்ன அத்தனை பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று நினைத்த நான், அந்த மேடை இருக்கிற கம்பெனிக்குச் சின்ன வயதில் அய்யாவின் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோனவள்.

டாக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. அய்யாவைத் தாளில் நிற்க வைத்துக் கோடு போட்டார். அருவிப் படம் போட்ட தாள். பிறகு அய்யாவிடம் நேராகச் சொன்னார். “அண்ணாச்சி, தொடையிலேருந்து கீழ வர்ற பெரிய குழாய் அடைச்சிருக்கு. சர்க்கரையும் இருக்கு, அதான் கால் மரத்துப்போயி சுடுறது தெரியல. இப்படியே விட்டா கால் போயிரும், முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டிவரும். ஆபரேஷன் செஞ்சு ரத்தத்துக்கு வேற பாதை போட்டுப் பாக்கலாம். நிக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. நான் என் பக்கம் முழுசா செய்வேன். பீடியும் புகையிலையும் இன்னையோட நிக்கணும். அது ஒங்க பக்கம்.”

“சுண்டுவெரலு?”

“அது போயிருச்சு அண்ணாச்சி. அதை எடுத்துருவேன்.”

அய்யா குனிந்து அந்த விரலைப் பார்த்தார். “சரி. அது ஒண்ணும் பெருசா வேலை பாக்கல.”

சம்மதப் படிவம் வந்தது. நர்ஸ் மைப் பெட்டியைத் திறந்து அய்யாவின் கட்டைவிரலைப் பிடித்தார். அய்யா கையை இழுத்துக்கொண்டார். “பொறுங்க. எம்மக படிப்பா. கேட்டுட்டு வைக்கேன்.” வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மயக்க மருந்தின் ஆபத்து, ரத்தப்போக்கு, கிருமித் தொற்று. ‘சிகிச்சை பலனளிக்காவிட்டால் காலை அகற்ற நேரிடலாம்’ என்ற வரி வந்தபோது குரல் மாறாமல் படிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படித்தேன். எத்தனையோ பேருக்கு அந்த வரியை நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவ்வளவு நீளமான வரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அய்யா கேட்டு முடித்து, “தெளிவா இருக்கு” என்று சொல்லி விரலை வைத்தார்.

ஆபரேஷன் காலையில் தொடங்கியது. அம்மாவும் நானும் வெளியே பெஞ்சில் இருந்தோம். உள்ளே என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் அம்மா என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் சொன்னேன். அய்யாவின் தொடையிலிருந்தே ஒரு ரத்தநாளத்தை எடுப்பார்கள். அதற்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கும், ஒரு பக்கமாகத்தான் திறக்கும். அதனால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, அடைப்புக்கு மேலே ஒரு முனையையும் கீழே ஒரு முனையையும் தைப்பார்கள். ரத்தம் அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும்.

“பஸ்ஸை ஊருக்குள்ள விடாம புறவழியில திருப்பி விடுற மாதிரியா?”

“ஆமாம்மா.”

“அப்ப உள்ளூர்க்காரனுக்கு பஸ்?”

“சந்து வழியா சின்னச் சின்னக் குழாய் இருக்கும்மா. அதுல போயிக்கிரும்.”

மத்தியானம் தாண்டி என்னைக் கூப்பிட்டார்கள். தையல் முடிந்ததும் பாதத்தில் ஓட்டம் வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். அது என் வேலை. வேறு ஆளைக் கூப்பிடட்டுமா என்று டாக்டர் முந்தின நாளே கேட்டிருந்தார். நான் வேண்டாம் என்றிருந்தேன். உடை மாற்றி, முகத்தை மூடி உள்ளே போனேன். துணிகளுக்கு நடுவே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. கருவியின் முனைக்கு உறை போட்டு டாக்டர் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியைப் பிடித்தேன். பாதத்தின் மேல் வைத்தார்.

இரைச்சல்.

நான் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினேன். இரைச்சல்தான் கூடியது. டாக்டரின் கை அசையவில்லை. “குழாய் சுருங்கியிருக்கும். கொஞ்சம் பொறு” என்றார். பாதத்தின் மேல் வெதுவெதுப்பான ஈரத் துணியைப் போடச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. அவர் கையை மட்டும் பார்த்தேன். காலையிலிருந்து நின்று தைத்த கை. கையுறை விரல்களை வெட்டிப் பழகிய கை, பஸ் கம்பியில் முடிச்சுப் போட்ட கை. துணியை எடுத்துவிட்டு மறுபடி வைத்து, ஒரு நூல் அளவு நகர்த்தினார்.

விசுக்.

பிறகு இன்னொன்று. பிறகு விடாமல், ஈரத் துணியை உதறுவதுபோல.

“எழுதும்மா” என்றார் டாக்டர். அவருடைய முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன. நேரம் எழுத வேண்டிய இடத்தில் நான் அய்யாவின் பெயரை எழுதியிருக்கிறேன். அந்தப் படிவம் இன்னும் கோப்பில் இருக்கிறது, டாக்டர் திருத்த விடவில்லை.

உள்ளங்கால் ஆற மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. சுண்டுவிரல் போனது போனதுதான். பீடியை விடுவதுதான் அய்யாவுக்கு ஆபரேஷனைவிடப் பெரிய பாடாக இருந்தது. “பீடி இல்ல, புகையில இல்ல, இனிப்பு இல்ல. இனிப் பேச்சு ஒண்ணுதான் மிச்சம். அதையும் நிறுத்தச் சொல்லிராதீக” என்று டாக்டரிடம் சொன்னார்.

இதற்கு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் அந்தக் கம்பெனிக்குப் போனார். நானும் போனேன். வாசலில் எல்லோரையும்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைக் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தார். சாப்பாட்டு நேரம். மேடையைப் பார்த்ததும், அளப்பதற்குக் கொண்டுவந்த வெப்பமானியை என்னிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி நின்றார். நின்ற வேகத்தில் “ஆத்தாடி!” என்று கீழே குதித்தார். மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் சோற்றுத் தட்டோடு சிரித்தார்கள்.

“டாக்டரம்மாவுக்கு காலு நல்லாருக்கு! ஒரு கொறையும் இல்ல!”

“அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றார் டாக்டர், ஒற்றைக் காலில் நின்று பாதத்தைத் தேய்த்துக்கொண்டு. “இதுல நிக்க முடியாம குதிக்கிறவுக நல்லாருக்காக. நின்னு பேச முடியுறவுகதான் என்கிட்ட வரணும்.” அதைவிட நல்ல பரிசோதனையை எந்தக் கருவியிலும் நான் பார்த்ததில்லை. அடுத்த வாரமே அந்த இடத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்குக் கொப்புளம் வருவதற்கு முன்பே அடைப்பைக் கண்டுபிடித்தோம்.

படிவத்தில் கேள்வியை மாற்ற வேண்டும். டாக்டர் யோசித்து, ‘கால் குளிர்ந்தால் வெப்பமான பரப்பின் மீது வைக்கும் வழக்கம் உண்டா?’ என்று எழுதினார். கட்டு மாற்ற வந்திருந்த அய்யாவிடம் நான் அதை வாசித்துக் காட்டினேன்.

“இப்படிக் கேட்டா நானே இல்லன்னுதான் சொல்லுவேன்.”

“வேற எப்படிக் கேக்கணும் அண்ணாச்சி?”

“காலு குளுந்தா எங்கன வப்பீகன்னு கேளுங்க. வப்பீகளான்னு கேக்காதீக. எங்கனயாச்சும் வச்சுத்தான ஆகணும்?”

டாக்டர் அதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல், படிவத்தில் அச்சடிக்கக் கொடுத்தார். கேட்கத் தொடங்கியதும் பதில்கள் வந்தன. மேடையில. மொட்டை மாடித் தரையில. கம்பெனி வேன்ல டிரைவர் பக்கத்துல எஞ்சின் மூடி இருக்கும்ல, அதுமேல. இந்தக் கடைசிப் பதிலைக் கேட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தினமும் காலையில் கம்பெனி வேன் வந்ததும் முன்சீட்டுக்கு ஏன் அப்படிப் போட்டி என்று அன்றைக்குத்தான் எனக்கும் விளங்கியது.

இந்த ஆராய்ச்சியை டாக்டர் கட்டுரையாக எழுதியிருக்கிறார். டாக்டர்கள் கூடிய ஒரு மாநாட்டில் வாசிக்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திரையில் காலண்டர் தாள் பாதங்கள் வரிசையாக வந்தன. மற்றதெல்லாம் ஆங்கிலம். அய்யாவின் கேள்வி மட்டும் தமிழ் எழுத்தில், அவர் சொன்ன விதத்திலேயே இருந்தது. கட்டுரையில் டாக்டர் பெயருக்குக் கீழே என் பெயர். ஊரெல்லாம் அச்சகம் இருக்கிற இடத்தில் பிறந்தும், எங்கள் வீட்டுப் பெயர் அதுவரை அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். கட்டுரையின் முதல் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அய்யாவிடம் காட்டினேன். படம் எதுவும் இல்லாததால் கொஞ்சம் ஏமாந்தார். என் பெயர் எது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அம்மாவையும் கூப்பிட்டு, அதே இடத்தில் தன் விரலை வைத்து அவளுக்குக் காட்டினார்.

அய்யா இப்போது மேடை வேலைக்குப் போவதில்லை. கம்பெனி வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருகிற வேலை. தீப்பெட்டியும் பீடியும் யாரும் கொண்டுபோகாமல் சோதிக்க வேண்டும். அதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

போன வாரம் சோதனைக்காக அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருவில் வழக்கம்போலக் கம்பங்களை எண்ணினேன். இரண்டைத் தாண்டினார். நான்கைத் தாண்டினார். ஆறாவது கம்பத்தில் நின்றுவிட்டார். குனிந்து அவர் காலைத் தொடப் போனேன்.

“வலிக்குதா அய்யா?”

“ஏ, என்னத்த வலி? அங்கன பாரு, டீக்கடைக்காரன் கூப்பிடுறான்.” திரும்பிப் பார்த்தேன், டீக்கடைக்காரர் நிஜமாகவே கையை ஆட்டிக்கொண்டிருந்தார். “அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன். நீ முன்னால போயி பஸ்ஸை நிறுத்து.”